ஆபரேஷன் கடைசி நேரத்தில் தள்ளிப்போய்விட்டது, அம்மா இனி வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 51 வயது. மூன்று வருடமாக மாதாமாதம் அடங்காத உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டிகள், பெரியது 8 செ.மீ. ரத்த அளவு 6.8-க்கு இறங்கி, குடத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்து ஊசிகள் போட்டு, ஒரு பாட்டில் ரத்தமும் ஏற்றி, இரண்டு மாதத்தில் 10.4-க்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று இன்றைய தேதி கொடுத்தார்கள். சனிக்கிழமையே அட்மிட் ஆகிவிட்டோம்.

நேற்று இரவு 10 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். காலை 5 மணிக்கு எனிமா. குளித்து, பச்சை கவுன் போட்டு, தலையை இரண்டு சடையாகப் பின்னி, தாலி, மெட்டி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி என் கைக்குட்டையில் முடிந்து வைத்தோம். மூக்குத்தி மட்டும் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் குத்தியது, முப்பது வருடமாகக் கழற்றியதே கிடையாது. திருகு இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, நானும் பக்கத்துக் கட்டில் அக்காவும் அரை மணி நேரம் போராடினோம். அம்மா கண்ணில் தண்ணீர் வழிய, "பரவால்ல, இழுத்துரு" என்றார். கடைசியில் வந்துவிட்டது. லேசாக ரத்தமும் வந்தது.

லிஸ்ட்டில் அம்மா இரண்டாவது. முதல் கேஸ் 9 மணிக்கு உள்ளே போனது. அப்புறம் யார் யாரோ ஸ்ட்ரெச்சரில் ஓடினார்கள். மதியம் 2.15-க்கு ஒரு சிஸ்டர் வந்து, "இன்னைக்கு இல்லம்மா, சாப்பிடக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்க முடியவில்லை. அடுத்த செவ்வாய் என்று சாயங்காலம் இன்னொருவர் சொன்னார்.

தம்பி திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து ரத்தம் கொடுத்தான். அவன் நாளைக்குத் திரும்ப வேண்டும்.

அம்மா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு சொன்னார்: "தடங்கல் வந்துருச்சு. இனி வேண்டாம். இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

இந்த ஒரு வாரம் வார்டிலேயே இருப்பதா, வீட்டுக்குப் போவதா? யாரிடம் என்ன கேட்க வேண்டும்? அம்மாவை எப்படித் தேற்றுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய சிஸ்டர் | புதன், காலை 5.55

மனசு கேட்கவில்லை, அதனால் எழுந்ததும் எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் பிரசவ, மகளிர் ஆபரேஷன் தியேட்டரில்.

முதலில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். மகளிர் பிரிவில் முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷனுக்கும் அவசர சிசேரியனுக்கும் பல இடங்களில் ஒரே தியேட்டர், ஒரே மயக்க டாக்டர். நஞ்சுக்கொடி கீழே இறங்கி ரத்தம் கொட்டுகிற பெண் வந்தாலோ, தொப்புள்கொடி நழுவி வெளியே வந்தாலோ நிமிடக் கணக்குதான். முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்போம். அப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு வந்தால் மதியம் ஆகிவிடும். கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷனை மாலையில் ஆரம்பித்து, ராத்திரி ஆள் குறைவான நேரத்தில் அம்மாவைக் கவனிக்க விட எந்தப் பெரிய டாக்டரும் விரும்ப மாட்டார். அதனால்தான் நிறுத்தியிருப்பார்கள்.

ஏன் ஒரு வாரம் என்றால், ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒவ்வொரு டாக்டர் குழுவுக்கும், தியேட்டர் நாள் தனி. உங்கள் யூனிட்டுக்குச் செவ்வாய் என்றால் அடுத்த வாய்ப்பு அடுத்த செவ்வாய். இன்னொரு யூனிட்டின் நாளில் நுழைய முடியாது.

இன்று காலை ரவுண்ட்ஸ் வரும்போது அம்மாவின் கட்டில் பக்கத்திலேயே நில். முதல் கேள்வி இதுதான்: "அம்மா உடம்பில் ஏதாவது சரியில்லை என்று நிறுத்தினீர்களா, இல்லை தியேட்டரில் இடமில்லை என்று நிறுத்தினீர்களா?" உடம்புக் காரணம் என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். இடக் காரணம் என்றால் அடுத்த முறை முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஒருமுறை தள்ளிப்போனவரை லிஸ்ட்டில் முதலில் போடுவது நாங்கள் பின்பற்றிய பழக்கம்தான். கேட்காவிட்டால் சில நேரம் மறந்துபோகும். தேதியைக் கேஸ் ஷீட்டிலும் உன் சீட்டிலும் எழுதித் தரச் சொல். வாய்வார்த்தை ஷிஃப்ட் மாறினால் போய்விடும்.

அப்புறம், இடையில் உதிரப்போக்கு மறுபடி ஆரம்பித்தால் எந்த மாத்திரை, எவ்வளவு போனால் உடனே ஓடி வர வேண்டும் என்று கேட்டுக்கொள். இது ரொம்ப முக்கியம். ரத்த அளவு 10.4 என்பது நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்தது, ஒரு மாதவிடாயில் கரைந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி ரத்த அளவு பார்க்கச் சொல்.

வார்டா வீடா என்பது வீடு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்துசேர முடியும் என்றால் வீடுதான் நல்லது. வார்டில் சும்மா கிடந்தால் சளி, காய்ச்சல் ஒட்டும், அதுவே அடுத்த தடவை நிறுத்தக் காரணமாகிவிடும். ஆனால் டிஸ்சார்ஜ் வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேஜையில் போய், வாங்கிய அனுமதி அப்படியே இருக்குமா, புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டுவிடு. அட்டையையும் ஜெராக்ஸையும் பத்திரமாக வை.

தம்பி கொடுத்த ரத்தம் வீணாகவில்லை. சிவப்பணுக்களை 35 நாள், சில வகைப் பையில் 42 நாள் வரை வைப்பார்கள். பொருத்திப் பார்க்க அம்மாவிடம் எடுத்த ரத்த சாம்பிள் மட்டும் மூன்று நாளைக்குத்தான் செல்லும், மறுபடி ஊசி குத்தி எடுப்பார்கள். அதை முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் "நேத்துதானே எடுத்தீங்க" என்று இன்னும் நொந்துபோவார். தம்பி அடுத்த 90 நாள் கொடுக்க முடியாது. வேறு ஆள் தேவைப்படுமா என்று ரத்த வங்கியில் இப்போதே விசாரித்துக்கொள்.

---

தறிக்காரன் | புதன், காலை 8.10

பழைய சிஸ்டர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் எனக்கு வயிறு எரிகிறது.

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். முதல் முறை கருவிகளைச் சுத்திகரிக்கிற மெஷின் வேலை செய்யவில்லை என்றார்கள். இரண்டாம் முறை காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நான் நாலு நாள் தறியை நிறுத்தினேன். தறி ஓடினால்தான் கூலி. பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டு, ஆட்டோ, சாப்பாடு, ராத்திரி வராந்தாவில் படுக்கை. காசு போனது ஒரு பக்கம். "இன்னைக்கு இல்ல" என்ற இரண்டு வார்த்தையில் ஒரு மனிதரை அனுப்ப முடிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்களை யாரும் உட்கார வைத்துப் பேசவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். நிலைய மருத்துவ அலுவலரிடம் ஒரு மனு, அப்புறம் முதல்வரின் உதவி மையம் 1100-க்கு ஒரு போன். நான்காம் நாள் அழைத்து மூன்றாவது தேதி கொடுத்தார்கள், அன்றே செய்தார்கள். நல்லபடியாகவே செய்தார்கள். ஆனால் மனுக் கொடுக்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

சும்மா இருந்துவிடாதீர்கள் அக்கா.

---

நெல்லைச் சீமை | புதன், காலை 10.30

தனியாரில் இது நடக்காது என்று யாராவது சொல்வதற்குள் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. ப்ராஸ்டேட் ஆபரேஷன், தனியார் மருத்துவமனை. அப்பாவுக்கு ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைத்திருக்கிறது. இதய டாக்டரிடம் கேட்டு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற குளோபிடோக்ரெல் மாத்திரையை 5 நாள் முன்னால் நிறுத்தினோம். காலையில் போனால் 101 டிகிரி காய்ச்சல், சிறுநீரில் கிருமி. சரி, நியாயமான காரணம். பத்து நாள் கழித்து வாருங்கள் என்று ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பினார்கள்.

நிறுத்திய மாத்திரையை மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்று யாருமே சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அப்பாவே, "நெஞ்சு மாத்திரை டப்பா அப்படியே இருக்கே" என்றார். அடித்துப்பிடித்து இதய டாக்டருக்குப் போன் செய்தோம். அவர் சத்தம் போட்டுவிட்டார். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரை இல்லாமல் ஒவ்வொரு நாளும் அடைப்பு ஆபத்து கூடும் என்றார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

இதைப் படிக்கிற யாராக இருந்தாலும்: ஆபரேஷன் நின்றால், அதற்காக நிறுத்திய ஒவ்வொரு மாத்திரையின் பேரையும் சொல்லி "இதை இன்றைக்குப் போடலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் வாசலைத் தாண்டுங்கள். பிரஷர், சர்க்கரை, இன்சுலின், ரத்தம் இளக்கும் மாத்திரை, எல்லாம்.

---

பச்சை மாஸ்க் | புதன், மதியம் 1.20

நான் மயக்க மருந்துத் துறையில் வேலை செய்கிற டாக்டர். நெல்லைச் சீமை சொன்னது மிகச் சரி. அதோடு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆபரேஷன் நின்றால், பழையபடி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் திரும்பப் போட வேண்டும். பட்டினி வயிற்றோடு போடக் கூடாது.

பட்டினி பற்றி ஒன்று. திட உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். இவ்வளவுதான் மயக்க மருந்துக்குத் தேவை. வைகைக்கரையின் அம்மா 16 மணி நேரம் வாய் நனைக்காமல் இருந்திருக்கிறார். லிஸ்ட்டில் எப்போது யார் என்று உறுதியில்லாததால் வார்டில் எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லிவிடுகிறார்கள். நீங்களாகவே தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், அது ஆபரேஷனை நிறுத்தும், உயிருக்கும் ஆபத்து. ஆனால் 9 மணி, 10 மணி ஆகியும் அழைக்கவில்லை என்றால் டூட்டி டாக்டரிடம் போய், "இன்னும் எவ்வளவு நேரம், இரண்டு வாய் தண்ணீர் கொடுக்கலாமா, இல்லாவிட்டால் டிரிப்ஸ் போடுவீர்களா" என்று கேளுங்கள். இது நியாயமான கேள்வி.

பயத்தில் பிரஷர் ஏறும். 180/110-ஐத் தாண்டினால் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பதுதான் வழக்கம். ஒருமுறை ஏமாந்தவருக்கு இரண்டாம் முறை பயம் அதிகமாக இருக்கும். அதனால் அம்மாவின் மனசைத் தேற்றுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை | புதன், இரவு 9.05

எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். காலையில் ரவுண்ட்ஸில் கேட்டேன். டாக்டர் நின்று பதில் சொன்னார். நேற்று அவசரமாக இரண்டு சிசேரியன், அதில் ஒருவருக்கு ஏழு மாதம், ரத்தம் நிற்கவே இல்லையாம். அம்மா உடம்பில் ஒன்றும் குறையில்லை, இடம் இல்லாததுதான் காரணம் என்றார். அடுத்த செவ்வாய் முதல் கேஸ் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். உதிரப்போக்குக்கு மாத்திரை எழுதித் தந்தார். காப்பீட்டு மேஜையிலும் கேட்டுவிட்டேன். மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆனால் அம்மா மாறவில்லை. பெரிய மாமா வந்து, மஞ்சள் துணியில் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைக்கச் சொன்னார். அம்மா முடிந்து வைத்தார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குத்தியை எடுத்துக் கொடுத்தேன். "வேண்டாம், வை" என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்கிறவர் மூக்குத்தியையும் வேண்டாம் என்கிறார். எனக்குப் புரியவில்லை.

---

யாழினி லண்டன் | வியாழன், அதிகாலை 2.45

வணக்கம் தங்கச்சி. சொந்த ஊர் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டன். என்ர அம்மாவுக்குப் போன வருசம் இடுப்பு மாத்திற ஒப்பரேசன். விடிய 7 மணிக்கு வரச் சொல்லிப் போனம், 11 மணிக்கு வந்து "கட்டில் இல்லை, வீட்டை போங்கோ" எண்டு அனுப்பிவிட்டினம். ஆகவே இது ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

இங்கே இங்கிலாந்தில் ஒரு விதி இருக்கிறது. நோயாளியின் உடல்நிலை காரணமில்லாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரி ஒப்பரேசனை நிறுத்தினால் 28 நாளுக்குள் வேறு திகதி கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நோயாளி விரும்புகிற நேரத்தில், விரும்புகிற ஆஸ்பத்திரியில் செய்ய அவர்களே செலவு செய்ய வேண்டும். எங்களுக்கு அந்த விதி தெரியாது. ஆஸ்பத்திரியிலேயே நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பிரிவு உண்டு, அங்கே இருந்த பெண்தான் சொன்னா. 19-ஆம் நாள் செய்து முடிச்சாச்சு. தறிக்காரன் கேட்டது சரியான கேள்வி. இப்படி ஒரு விதி எழுத்தில் இருந்தால், மனுக் கொடுக்கத் தெரியாதவருக்கும் அது பேசும்.

ஆனால் அம்மா அந்த 19 நாளும் பட்ட பாட்டை எந்த விதியும் தொடவில்லை. யாரும் போன் எடுத்து "என்ன மாதிரி, முடிஞ்சுதோ" எண்டு கேட்டால் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போடுவா. நாற்பது பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல அவவால ஏலாது. நான்தான் எல்லோருக்கும் ஒரே செய்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அம்மாவுக்கு எடுக்க வேண்டாம், எனக்கு எடுங்கோ" எண்டு சொன்னன். அது பெரிய உதவியாக இருந்தது.

---

ஆதினியின் அம்மா | வியாழன், காலை 11.15

என் மகளுக்கு 6 வயது. டான்சில் ஆபரேஷன். அன்று காலை மூக்கு ஒழுகியது, நெஞ்சில் சளி இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். குழந்தைகளுக்குச் சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும் என்று விளக்கினார்கள், புரிந்தது.

அவளிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு ஐஸ்கிரீம் வாக்குக் கொடுத்திருந்தோம். "நான் சமத்தா இல்லையா, அதான் டாக்டர் வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டாள். தன்மேல்தான் தப்பு என்று நினைத்திருக்கிறாள். சளி யாருக்கும் வரும், நீ சமத்தாகத்தான் இருந்தாய் என்று சொல்லி, அன்று மாலையே ஐஸ்கிரீம் இல்லாமல் வேறு இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் முறை தேதியை மூன்று நாளைக்கு முன்தான் அவளிடம் சொன்னேன்.

பெரியவர்களுக்கும் மனதுக்குள் இப்படி ஏதாவது ஓடுமோ என்று தோன்றுகிறது, வைகைக்கரை.

---

கொல்லிமலைத் தேன் | வியாழன், மதியம் 3.40

இந்த இழையை நேற்றிலிருந்து நாலு தடவை படித்துவிட்டேன். எனக்கும் இதே ஆபரேஷன்தான். இரண்டு தடவை நின்று, மூன்றாம் தடவை நடந்தது. ஐந்து வருடம் ஆகிறது, இப்போது நன்றாக இருக்கிறேன்.

உன் அம்மா ஏன் மூக்குத்தியைப் போடவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்குப் போக ஒரு பெண் தன்னை எப்படித் தயார் செய்கிறாள் தெரியுமா? ஒரு மாதத்துக்கு மிளகாய்ப் பொடி அரைத்து வைப்பாள். பீரோ சாவி எங்கே, சீட்டுப் பணம் யாரிடம் என்று சொல்லி வைப்பாள். கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடி, வருவது வரட்டும் என்று ஒரு இடத்துக்கு வந்து சேர்வாள். அங்கே வந்து சேர்ந்தவளைப் பார்த்து "சாப்பிடக் குடுங்க" என்றால், அவளால் உடனே திரும்பி வர முடியாது. எனக்கு முதல் தடவை நின்றபோது கையிலிருந்த சோறு தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து என் அடுப்பங்கரை எனக்கே யாரோ வீட்டு அடுப்பங்கரை மாதிரி இருந்தது.

எல்லோரும் "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்கள். அப்படிச் சொன்ன எவரிடமும் நான் அதற்கு மேல் பேசவில்லை. என் நாத்தனார் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏன் நின்னுச்சுன்னு நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு: வயிற்றைத் திறந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்று.

உன் அம்மாவிடம் சமாதானம் சொல்லாதே. இந்த ஒரு கேள்வியை மட்டும் கேள். வேலை செய்துகொண்டே கேள், முகத்தைப் பார்த்து உட்கார்ந்து கேட்காதே. பதில் வரும்வரை பேசாமல் இரு.

---

பழைய சிஸ்டர் | வியாழன், மாலை 6.20

தறிக்காரன் தம்பிக்கு. நேற்றே பதில் எழுத நினைத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டேன். "இன்னைக்கு இல்லம்மா, சாப்பிடக் குடுங்க." இந்த ஒரு வரியை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே ஒரு தாய்க்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், கை காலெல்லாம் நடுங்கும், வெளியே வந்து ஒரு வரி சொல்லிவிட்டுத் திரும்ப ஓடுவோம். ஓடத்தான் வேண்டும். ஆனால் சாயங்காலம் எல்லாம் அடங்கிய பிறகு திரும்பி வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை. கொல்லிமலைத் தேன் எழுதியதைப் படித்த பிறகுதான், நான் சொன்ன அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் ராத்திரி முழுக்க என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

எழுதிக் கொடுத்தது சரிதான் தம்பி. நிறையப் பேர் எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாவது ஆபரேஷன் மேஜை, இரண்டாவது மயக்க டாக்டர் கேட்கிற டீனுக்கும் கையில் ஆதாரம் இருக்கும். ஆனால் மனுவில் சிஸ்டர் பேரைப் போடாமல், தேதி, நேரம், எவ்வளவு நேரம் பட்டினி, யார் என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

---

தறிக்காரன் | வியாழன், இரவு 8.00

சிஸ்டர், நீங்கள் இப்படி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. என் கோபம் உங்கள்மேல் இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை போனபோது வார்டில் ஒரு சிஸ்டர் தன் கையைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் கதவுவரை வந்ததைச் சொன்னாள். அதை இன்றுதான் என்னிடம் சொல்கிறாள்.

---

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10.30

கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் பதில் இல்லை. ஒரு கட்டுக் கீரை முடிந்து அடுத்ததைப் பிரிக்கும்போது அம்மா சொன்னார்: "புத்துநோயா இருக்கும். பாத்துட்டு மூடிட்டாங்க. ஒங்கிட்ட சொல்லிருப்பாங்க. நீ என்கிட்ட மறைக்கிற."

எனக்கு உலகமே நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். உதிரப்போக்கு இருந்தால் ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் செய்வார்களாம். புற்று இல்லை என்று அப்போதே ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை நான்தான் வாங்கி, "நல்லா இருக்காம்மா" என்று சொல்லி ஃபைலில் வைத்தேன். அம்மாவிடம் யாரும் நேரில் சொல்லவில்லை. நானும் சரியாகச் சொல்லவில்லை.

இன்று காலை ஓ.பி.க்கு அம்மாவையே கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டரிடம், "என்னிடம் வேண்டாம் டாக்டர், அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். அவர் ரிப்போர்ட்டை அம்மா பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை தியேட்டருக்குள் உங்களை அழைத்துக்கொண்டு போகவே இல்லையே, எப்படிப் பார்த்து மூடியிருப்போம் என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னைக்கு வந்துச்சே ஏழு மாசப் புள்ளத்தாச்சி, அது பொழச்சுதா?" தாய் வார்டில் இருக்கிறாள், குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டியில், ஆனால் தேறிவிட்டது என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, "திங்கக்கிழமை எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?" என்றார்.

யாழினி அக்கா சொன்னபடி எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பிவிட்டேன். தம்பிக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க அவன் நண்பன் ஒருவன் வருகிறான்.

---

பச்சை மாஸ்க் | சனி, காலை 7.00

மகிழ்ச்சி. திங்கட்கிழமை இரவு 10 மணிக்குள் அம்மாவை நன்றாகச் சாப்பிட வையுங்கள். முதல் கேஸ் என்பதால் இந்தமுறை பட்டினி நேரம் குறையும். சளி, இருமல், காய்ச்சல் எது வந்தாலும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுபடியும் அவசர கேஸ் வர வாய்ப்பு உண்டு என்பதையும் அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

---

வைகைக்கரை | செவ்வாய், இரவு 9.50

சொல்லி வைத்தேன். "வந்தா வரட்டும், மொதல்ல அதுக போகட்டும்" என்றார் அம்மா.

காலை 8.40-க்கு உள்ளே அழைத்துப்போனார்கள். 9 மணிக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் ஓடியது, எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அது வேறு அறைக்கு. 11.10-க்கு டாக்டர் வெளியே வந்து, எடுத்த கட்டிகளை ஒரு தட்டில் காட்டினார். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாலையில் கண் விழித்து, தண்ணீர் கேட்டார், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

இப்போது தூங்குகிறார். தூங்குவதற்கு முன் கையை மூக்குக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "தூந்து போச்சான்னு பாரு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்னும் தூரவில்லை.